என் ஆய்வேட்டின் ஐந்தாவது வாசகர்

ஜூலை 3, திங்கள்

கணினித் திரை தாழ்வாக இருந்து கழுத்து வலி. ஆய்வேட்டை எடுத்து அடியில் வைத்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம், கெட்டி அட்டை, கச்சிதமான உயரம். ஏழு வருட உழைப்பு ஒருவழியாகப் பயன்பட்டது. இதுவரை படித்தவர்கள் நாலு பேர்: நான், வழிகாட்டி, தேர்வாளர்கள் இருவர்.

எங்கள் பஸ் டிக்கெட் மென்பொருள் கம்பெனியில் புகார் போன் எடுக்கும் விருபாக்ஷர், நிரல் எழுதும் என் குழுவில் சேர மனு கொடுத்திருக்கிறார். நாற்பத்தாறு வயது, பழைய டிப்ளமா. மாதக் கடைசிக்குள் முடிவு சொல்லச் சொன்னார் மேலாளர் பிரபாகர். "முதுகலையாவது வேண்டும்" என்று மனுவின் ஓரத்தில் பென்சிலில் எழுதி வைத்தேன். கதவில் "டாக்டர் சுமங்களா ஹெக்டே" என்று சும்மாவா போட்டிருக்கிறது?

ஜூலை 7, வெள்ளி

பெங்களூர்-ஹொசபேட்டை பஸ்ஸில் மறுபடியும் பதினாலாம் சீட்டுக்கு இரண்டு பேர். இரண்டு பேர் கையிலும் டிக்கெட். ஒருவர் மடியில் இன்னொருவர் உட்காராத குறை. வெள்ளிக்கிழமை மட்டும்தான் இப்படி! அந்த ஊர் ஏஜென்ட் சிவண்ணா, இந்த மாதத்தோடு எங்கள் மென்பொருளுக்குக் கும்பிடு போட்டுவிடுவாராம். அதை எழுதியவள் நான்.

ஜூலை 10, திங்கள்

மூன்று கணித மாதிரிகள் போட்டுப் பார்த்தாயிற்று. கணிதத்துக்கு வெள்ளிக்கிழமை தெரியாது.

ஜூலை 14, வெள்ளி

இன்று மூன்று ஜோடி. விருபாக்ஷர் வந்து நின்றார்.

"மேடம், நேர்ல போய் ஒரு எட்டு பாத்துட்டு வரட்டுமா?"

"கோளாறு நிரல்ல இருக்கு. ஊர்ல இல்ல."

"சரிங்க மேடம். ஆனா நிரல் ஏழு நாளும் அதே நிரல்தானே?"

கோபம் வந்தது. "போய் போன எடுங்க" என்று அனுப்பிவிட்டேன்.

ஜூலை 17, திங்கள்

திரைக்கு அடியில் இரண்டு காகிதக் கட்டு. ஆய்வேட்டைக் காணோம். அதை யார் திருடுவார்கள்? பஜ்ஜி மடிக்கக்கூட உதவாதே.

ஜூலை 21, வெள்ளி

விருபாக்ஷர் லீவு. பதினோரு மணிக்கு ஹொசபேட்டையிலிருந்து அவர் போன்!

"மேடம், சிவண்ணா வெள்ளிக்கிழம காலைல கம்ப்யூட்டருக்குப் பூஜ பண்றாரு. அணைச்சு, தொடச்சு, குங்குமம் வெச்சு..."

"பண்ணட்டும்."

"உள்ள இருக்குற பேட்டரி செத்துப்போச்சு. மறுபடி போட்டா அதுக்கு மணி தெரியல. செவுத்துக் கடிகாரத்தப் பாத்து இவரே வெச்சிடறாரு."

"வெக்கட்டுமே!"

"அந்தக் கடிகாரம் இருபது நிமிஷம் பின்னாடி ஓடுது மேடம். வேணும்னே வெச்சிருக்காரு. பஸ் லேட்டா வந்தாலும் கடிகாரப்படி சரியா வந்துடுமாம். ஒருத்தரும் சண்டைக்கு வர்றதில்லையாம்."

நிரலைத் திறந்தேன். ஒரு சீட்டை இருவர் கேட்டால் முந்திக் கேட்டவருக்கு - இதுதான் என் நிரல். ஹொசபேட்டையில் இப்போது கேட்டால் இருபது நிமிடம் முன்பே கேட்டதாகப் பதிவாகும். அந்த இருபது நிமிடத்துக்குள் பெங்களூரில் டிக்கெட் வாங்கிப் பையில் வைத்தவரின் சீட் அங்கே போய்விடும். மறுநாள் கணினி இணையத்தைப் பார்த்துத் தானே மணியைத் திருத்திக்கொள்ளும். தடயமே இருக்காது.

"பேட்டரி மாத்திட்டேன். ஆனா நாளைக்கே தாவணகெரேல வேற ஒரு கடிகாரம் இருக்கும். உங்க மூணாம் அத்தியாயத்துல சொன்ன மாதிரி செஞ்சா எல்லா ஊருக்கும் தீரும் மேடம்."

"எந்த மூணாம் அத்தியாயம்?"

"ஊருக்கு ஊர் கடிகாரத்த நம்பி எது முந்தின்னு முடிவு பண்ணாதே, ஒரே எடத்துலேர்ந்து வரிச எண் கொடுன்னு எழுதியிருக்கீங்களே. உங்க ஆய்வேட்ட நான்தான் எடுத்துட்டு வந்தேன். மன்னிச்சுக்குங்க."

நானே எழுதினேன். நானே மறந்தேன். நானே அவசரத்தில் கடிகாரத்தை நம்பினேன். ஐயோ, வெட்கமாக இருக்குடி சுமங்களா.

ஜூலை 28, வெள்ளி

மூன்றாம் அத்தியாயப்படி மாற்றியதில் சீட்டுச் சண்டை ஒன்றுகூட இல்லை. சிவண்ணா மட்டும் போனில் புலம்பினார்: "கம்ப்யூட்டர்ல இப்ப சரியான மணி காட்டுது மேடம். அதப் பாத்துட்டு, பஸ் லேட்டுன்னு எல்லாரும் என்னப் புடிச்சுக்கறாங்க!" ஆனாலும் விலகவில்லையாம்.

ஜூலை 31, திங்கள்

மனு ஓரத்தில் எழுதியிருந்ததை ரப்பரால் அழித்தேன். லேசில் போகவில்லை, அழுத்தி எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போட்டு பிரபாகரிடம் கொடுத்தேன்.

மாலை விருபாக்ஷர் ஆய்வேட்டைத் திருப்பித் தந்தார். அட்டையில் மிர்ச்சி பஜ்ஜி எண்ணெய்.

"மேடம், அறுபத்தோராம் பக்கத்துல ஒரு கூட்டல் குறி கழித்தலா இருக்கணுமோ? பென்சில்ல குறிச்சிருக்கேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். கழித்தல்தான். வழிகாட்டி, தேர்வாளர்கள் இருவர், நான் - நாலு பேரும் கையெழுத்துப் போட்ட ஏடு.

அப்படியானால் இவர் ஐந்தாவது வாசகர் இல்லை. முதல் வாசகர்.

திரை காகிதக் கட்டின் மேலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.