டெவாரிஸ் பஸ்ஸை விட்டது இப்படித்தான்

அன்புள்ள வெண்டலுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் அப்பாவின் முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லாரும் சுகம், நீயும் உன் தொண்டையும் அங்கே சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். தொண்டையை ஏன் தனியாகக் கேட்கிறேன் என்றால் போன வாரம் அப்பாவின் போனில் உன் பையன்களின் கூடைப்பந்து ஆட்டத்தைப் பார்த்தோம், நடுவரைப் பார்த்து நீ கத்தின கத்தலில் கழுத்து டை முதுகுப் பக்கம் போய்விட்டது. "மொன்டானாக் குளிர்ல ஊரே உறைஞ்சு கெடக்கு, நம்ம பய மட்டும் கொதிக்கிறான் பாரு ஒடெஸா" என்று உன் அப்பா ஒரே சிரிப்பு. சட்டைப் பொத்தானும் வயிற்றோடு மல்லுக்கட்டுகிறது, கோச் ஆனால் ஓடவே கூடாது என்று சட்டமா, நீயும் பையன்களோடு இரண்டு சுற்று ஓடு.

விஷயத்துக்கு வருகிறேன். கிறிஸ்துமஸுக்கு விடுதியைப் பூட்டுகிறார்கள், போக்கிடம் இல்லை, நாலு நாள் வைத்துக்கொள் அம்மா என்று ஒருத்தனை அனுப்பினாயே, அந்த டெவாரிஸைப் பற்றித்தான். முந்தின கல்லூரியில் கூட ஆடினவன் தாடையை உடைத்தவன், எவனும் சேர்க்காதபோது நீதான் துணிந்து சேர்த்தாய், அவனோ பயிற்சி நடுவில் பந்தை வீசிவிட்டு வெளியே போகிறான், இன்னொரு தப்பு செய்தால் அவனோடு சேர்த்து உன்னையும் அனுப்பிவிடுவோம் என்று கல்லூரிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள் என்றெல்லாம் நீ சொன்னதும் நான் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? நல்ல பீங்கான் தட்டையெல்லாம் எடுத்து அலமாரி உச்சியில் வைத்தேன். வந்தவன் நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து வந்து, "மிஸ் ஒடெஸா, ஷூவ வெளியவே கழட்டிடவா?" என்கிறான். அந்த உயரத்துக்கு அலமாரி உச்சிதானே முதலில் கண்ணில் படும், "சாப்பாடு இந்தத் தட்டுலயா?" என்று அவனே எடுத்துக் கீழே அடுக்கிவிட்டான், நான் என்ன சொல்ல முடியும், அதிலேயே பன்றித் தொடைக்கறியும் மக்கரோனியும் வைத்தேன், ஒரு தட்டும் உடையவில்லை. உன் அப்பா வைத்திருந்தால் உடைந்திருக்கும்.

சனிக்கிழமை நாலு மணிக்கு அவன் பஸ், அதை விட்டால் நீ சொன்ன நாளில் பயிற்சிக்கு வந்து சேர முடியாது. மத்தியானம் உன் அப்பா சபை ஹாலுக்கு ஆடப் போகும்போது ஐந்தாவது ஆள் இல்லை என்று இவனை இழுத்துக்கொண்டு போனார், அங்கிருந்து நேரே பஸ் நிலையத்தில் விட்டுவிடுகிறேன் என்று என்னிடம் சத்தியம் வேறு. நம் ஹாலின் வழக்கம் உனக்குத் தெரியாததா, ஜெயித்தவர்கள் களத்திலேயே நிற்கலாம், தோற்றவர்கள் வெளியே, ஜெயித்த அணியில் ஒருத்தன் பாதியில் கிளம்பினாலும் மற்ற நாலு பேரும் இறங்கிவிட வேண்டும். உன் அப்பா கூட்டம் எத்தனை வருஷமாக ஒரே ஆட்டத்தில் தோற்று மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருகிறது! அன்றைக்கு ஜெயித்தார்கள். மறுபடியும் ஜெயித்தார்கள். நான் அவன் பையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தால் உன் அப்பா அணியில் ஆடுகிற கறிக்கடை லூசியஸ் முகத்தில் கல்யாண மாப்பிள்ளைக் களை. டெவாரிஸ் தானே எல்லாப் பந்தையும் போட்டானா என்றால் அதுதான் இல்லை, கூடைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு உன் அப்பா கையில் கொடுக்கிறான். அவர் தவறவிடுகிறார், இவன் எடுத்து மறுபடி கொடுக்கிறான், "போடுங்க மிஸ்டர் ஹோரஸ், கூடை எங்கயும் ஓடிப்போகாது" என்று.

நான் வாசலில் நின்று, "டேய் நெட்டையா, பஸ்ஸுடா!" என்று கத்தினேன். அவன் கடிகாரத்தைப் பார்த்தான், மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற அந்த நாலு பேரையும் பார்த்தான். "நான் கெளம்பினா இவங்களும் எறங்கணுமே மிஸ் ஒடெஸா" என்றான், பந்தை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டான். உன் பயிற்சியை விட்டுப் போனவன்தான் வெண்டல், இந்தக் கிழட்டுக் கூட்டத்தை விட்டுப் போகவில்லை. தோற்று இறங்கினபோது பஸ் ஊரைத் தாண்டியிருக்கும்.

அப்புறம் போனில் நீ பேசினது எனக்கு அடுப்படி வரைக்கும் கேட்டது. "பஸ்ஸ விட்டுட்டேன் கோச்" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றான், நீயோ இனி வரவேண்டாம், அணி அறையில் இருக்கிற உன் அலமாரியைக் காலி செய்துவிடுகிறேன் என்று வைத்துவிட்டாய். நான் உடனே கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை, கோபம் வந்தால் போனை அணைப்பது உன் அப்பா வழி. "ஏன்டா, நடந்தத சொல்றதுக்கென்ன, வாயில கொழுக்கட்டையா?" என்று இவனைத் திட்டினேன். "காரணம் சொல்லாதேன்னு கோச் சுவத்துலயே எழுதி வெச்சிருக்காரு, அத மீறவா சொல்றீங்க?" என்கிறான். பார், நீ எழுதிப் போட்டதை மதித்த ஒரே ஆளை நீ வெளியே அனுப்புகிறாய்.

இன்னொன்றும் சொல்கிறேன். அன்றைக்குப் பந்தை வீசினது ஏன் என்று உன் அப்பா மெல்லக் கேட்டிருக்கிறார். நீ முதல் அணியின் சிவப்புச் சட்டையைக் கழற்றச் சொல்லி இரண்டாம் அணியின் வெள்ளையைக் கையில் திணித்தாயாம், ஒரு வார்த்தை பேசாமல். கோச்சுகள் எல்லாரும் செய்வதுதான், எனக்கும் தெரியும். ஆனால் இவன் யார் யார் வீட்டிலோ வளர்ந்தவன். ஒவ்வொரு வீட்டிலும் போதும் என்று தோன்றின அன்றைக்குத் துணியைக் கையில் கொடுப்பார்களாம், யாரும் பேசமாட்டார்களாம், அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோக வெளியே கார் நிற்குமாம். சட்டையைப் பிடுங்கு, வேண்டாம் என்று சொல்லவில்லை, சரியாக ஆடாதவனுக்குச் சிவப்பு எதற்கு. ஆனால் பிடுங்கும்போது வாயைத் திறந்து ஏன் என்று சொல், நடுவரிடம் செலவழிக்கிற பேச்சில் கொஞ்சம் மிச்சம் பிடி.

நாளைக் காலை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறோம், நீ வேண்டாம் என்றாலும் ஏற்றுவோம். எனக்கு இருக்கிற கவலை சிகாகோ. அங்கே பஸ் மாற வேண்டும், அவனுடைய பழைய கூட்டாளிகள் அங்கேதான் இருக்கிறார்கள், "கோச்சே வேணாம்னுட்டாரு, சிகாகோலயே எறங்கிட்டா என்ன" என்று இன்றைக்கு இரண்டு தடவை கேட்டுவிட்டான். அதனால்தான் இந்தக் கடிதத்தை மடித்து அவன் கையில் கொடுத்து, தபாலில் போட்டால் தொலைந்துபோகும், நீயே கோச் கையில் சேர்த்துவிடு என்று சொல்லப்போகிறேன். கூடவே உனக்கு ஒரு டப்பா மக்கரோனியும், அது காலியாக வந்தால் ஒன்றும் கேட்காதே.

ஆண்டவர் உன்னையும் உன் பையன்களையும் காக்கட்டும், உனக்கு நல்ல புத்தியும் நிறைய வெற்றியும் தரட்டும். மருமகளுக்கும் குழந்தைக்கும் முத்தம். காதை மூடித் தொப்பி போடு. நீ இதைப் படிக்கிறாய் என்றால் அவன் சிகாகோவில் இறங்கவில்லை, இப்போது உன் எதிரில் நின்று உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். கடிதத்தைக் கீழே வை, அவனை உட்காரச் சொல்.

உன் அம்மா,
ஒடெஸா