எந்த சுல்லிவன்?

ஆட்ரிகோல், அயர்லாந்து
நவம்பர் 1994

அன்புத் தம்பி ஃபின்பாருக்கு, அக்கா நோரீன் எழுதுவது. நான் சுகம். முழங்கால் மட்டும் மழைக்கு முன்னாலேயே முனகுகிறது. இங்கே மழை எப்போது ஓய்ந்தது, அது முனகாமல் இருக்க? ஆஸ்திரேலிய வெயிலில் நீங்கள் மூவரும் நலம்தானே?

உன் கடிதம் வந்தது. நம் குடும்பப் பெயருக்கு என்ன பொருள் என்று உன் மகள் ஓர்லாவைப் பள்ளியில் கேட்டிருக்கிறார்களாம். அப்பா போன பிறகு நீ எழுதிய முதல் கடிதம் இது. கல்லறைக் கல்லைப் பற்றி நான் இரண்டு முறை கேட்டும் அதில் ஒரு வரி பதில் இல்லை. போகட்டும், முதலில் குழந்தைக்குச் சொல்கிறேன்.

சுல்லிவன் என்றால் கருங்கண்ணன் என்று நம் வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். ஒற்றைக்கண்ணன், பருந்துக்கண்ணன் என்று அடித்துப் பேசுகிறவர்களும் உண்டு. நீ வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது அப்பா தன் நீலக் கண்களை உருட்டி, "அப்ப நான் யார் வீட்டுப் புள்ளைடா?" என்று கேட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? பெயருக்கு முன்னால் வரும் 'ஓ' என்பது இன்னாரின் வழிவந்தவர் என்பதற்கு. ஆங்கிலேயர் ஆட்சியில் பலர் அதை விட்டுவிட்டார்கள், பிறகு மெல்ல எடுத்து மாட்டிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு இவ்வளவு போதும்.

ஆனால் இந்த ஊரில் அது எதற்கு உதவும்? ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஒரு கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு சுல்லிவன் தலையில்தான் விழும். அதனால்தான் வீட்டுக்கு ஒரு பட்டப்பெயர். வெள்ளை சுல்லிவன், செம்பட்டை சுல்லிவன், நாம் கதவு சுல்லிவன். குத்தகை பாக்கிக்காக நிலத்துக்காரன் ஆள் வைத்து வீட்டை இடித்தபோது, அப்பாவின் தாத்தா கதவை மட்டும் கழற்றி முதுகில் கட்டிக்கொண்டு மலையைத் தாண்டி வந்தார். இங்கே அந்தக் கதவை நிறுத்திவிட்டு அதைச் சுற்றித்தான் வீட்டைக் கட்டினார். இதை நீ ஓர்லாவிடம் சொல்லியிருக்க மாட்டாய், எனக்குத் தெரியும்.

"டேய் கதவு, காத்து வருது, சாத்துடா!" என்று பையன்கள் கத்துவார்கள். நீ அழுதுகொண்டே வருவாய். அப்பா உன்னை முதுகில் ஏற்றிக்கொண்டு, "சுமந்தவன் பேருடா அது. சும்மா வந்ததில்ல" என்று முற்றத்தைச் சுற்றி ஓடுவார். நீ அழுகையும் சிரிப்புமாக அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டிருப்பாய். அந்த முற்றத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உங்கள் இருவர் நினைவுதான்.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். மரண அறிவிப்பில் கதவு என்ற சொல் வரவே கூடாது என்று நீ அங்கிருந்து தொலைபேசியில் கண்டிப்பாகச் சொன்னாய். உன்னோடு மல்லுக்கட்ட அன்று எனக்குத் தெம்பில்லை. வானொலியில் அப்பாவின் பெயரை 'மர்ட்டி ஓ'சுல்லிவன், ஆட்ரிகோல்' என்று வாசித்தார்கள். மர்ட்டி சுல்லிவன் இங்கே மூன்று பேர். குளிர்காலம் முழுக்க நெஞ்சுச் சளியோடு கிடந்த வெள்ளை மர்ட்டிதான் போய்விட்டார் என்று ஊரே முடிவு கட்டி, துக்கம் கேட்க அவர் வீட்டுக்குப் போய்விட்டது. கதவைத் திறந்தது அவரேதான்! துக்க வீட்டுக்கென்று பன்றி இறைச்சி ரொட்டியோடு போன ஹானா, "அடப்பாவி, நீ சாகலையா?" என்று அலறினாளாம். "எனக்கு எங்க நேரம்? ரொட்டிய உள்ள வை" என்றாராம் அவர்.

இப்போது சொல்லிச் சிரிக்கிறார்கள். அன்று சாயங்காலம் நான் அப்பாவின் பக்கத்தில், இரவல் வாங்கிய நாற்காலிகளுக்கு நடுவே தனியாக உட்கார்ந்திருந்தேன். தேநீர் ஆறிப்போனது. இத்தனை வருஷம் இங்கே வாழ்ந்த மனிதரை வழியனுப்ப ஒருவர்கூட வரவில்லையே என்று நெஞ்சு வெடித்தது. பிறகு விஷயம் புரிந்து, வெள்ளை மர்ட்டிதான் இருமிக்கொண்டே எல்லோரையும் கூட்டி வந்தார். நம் கதவில் கை வைத்து நின்று, "கதவு மர்ட்டின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஓடி வந்திருப்போமே, நோரீன்!" என்று தேம்பினார்.

கல்லறைக் கல் கொத்துகிறவர், அப்பாவின் பெயருக்கு நடுவில் ஒரு சொல்லுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார். அந்த வரிசையில் ஏற்கெனவே இரண்டு மர்ட்டி ஓ'சுல்லிவன்கள் படுத்திருக்கிறார்கள். உன் சம்மதம் இல்லாமல் பொறிக்கச் சொல்ல மாட்டேன். அவர் உனக்கும் அப்பா. சரி என்று ஒரு வரி எழுது தம்பி.

கடவுள் உங்கள் மூவரையும் காக்கட்டும். ஓர்லா ஒருநாள் இங்கே வருவாள். பேருந்தை விட்டு இறங்கி, சுல்லிவன் வீட்டுப் பெண் என்பாள். 'எந்த சுல்லிவன்?' என்று கேட்பார்கள். பதில் தெரியாமல் அவளை நடுத்தெருவில் நிற்க வைத்துவிடாதே.

உன் அக்கா,
கதவு வீட்டு நோரீன்