செவ்வாய், வியாழன், சனி

மார்ச் 3, திங்கள்

லிஃப்ட் குழிக்குள் இறங்கும் வேலை இன்றோடு முடிந்தது. இருபத்திரண்டு வருடமாக இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தை மேலாளர் கேட்டு வாங்கி இழுப்பறையில் போட்டார். பாவம், அவரால்தான் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "டயாலிசிஸ் ஊசி குத்துற இந்தக் கையை வச்சிக்கிட்டு இனிமே மேல ஏறாதீங்க. அவசர ஃபோனைப் பார்த்துக்கோங்க, போதும்."

சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு நான்கு மாதம். திங்கள், புதன், வெள்ளி வேலை. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். நான்கு மணி நேரம் என் ரத்தம் வெளியே போய்க் குளித்துவிட்டு வருகிறது.

மேஜை வேலை கிடைத்ததற்கு மனைவி குடும்ப ஜெபத்தில் நன்றி சொன்னாள். நன்றியா? ஆமென் சொன்னேன். வாய்தான் சொன்னது.

மார்ச் 8, சனி

ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான் குடிக்கலாம். காபியும் அதில் அடக்கம். குழாயைத் திறந்து, தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுவிட்டு மூடினேன்.

மார்ச் 16, ஞாயிறு

சபையில் இன்று திருவிருந்து. நேற்றே நர்ஸிடம் கேட்டிருந்தேன், அந்த ஒரு வாய் திராட்சரசத்தையும் அளவில் சேர்க்க வேண்டுமா என்று. "அதை ஆண்டவர் கணக்குல எழுதிக்கோங்க" என்றாள். இந்த ஊசிக்காரியிடம் மட்டும்தான் இப்போது சிரிக்கிறேன்.

கிண்ணத்தை வாங்கும்போது சின்னவன் நினைவு வந்தது. என் தம்பி. எட்டு வருடத்துக்கு முன் விவாகரத்தான ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். சபையில் கல்யாணம் நடத்தப் போதகருக்கே சம்மதம். சபைக் குழுவில் எழுந்து நின்று, "நம்ம பீடத்துக்கு முன்னால அவங்களை நிறுத்தக் கூடாது" என்றவன் நான். கடைசி வரிசையில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சத்தமாகச் சொன்னேன். பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டார்கள். நான் போகவில்லை. அதோடு பேச்சும் நின்றது.

அவனிடம் ஒரு கிட்னி கேட்டுப் பார்க்கச் சொல்கிறாள் மனைவி. அவளுக்குச் சர்க்கரை, அவளுடைய கிட்னி வேண்டாம் என்றுவிட்டார் டாக்டர். சின்னவனை எந்த முகத்தோடு கூப்பிடுவது? உடம்புக்கு முடியாமல் போனதும் தம்பி ஞாபகம் வந்துவிட்டதா என்று கேட்பான். நானாக இருந்தால் கேட்பேன்.

மார்ச் 26, புதன்

தூங்கப் போவதற்கு முன் இதை எழுதிவிடுகிறேன்.

மதியம் ஒரு அழைப்பு. எட்டாவது மாடிக்கும் ஏழாவதுக்கும் நடுவில் லிஃப்டில் ஒரு அம்மா தனியாக மாட்டிக்கொண்டிருந்தார். உள்ளே விளக்கும் இல்லை. "கதவை நெம்பாதீங்கம்மா. கீழே விழாது. ஆள் கிளம்பிட்டாங்க" என்று வழக்கமான பாடத்தைச் சொன்னேன்.

"மூச்சு முட்டுது சார். ஏதாவது பேசிக்கிட்டே இருங்க." கொஞ்ச நேரம் கழித்து, "உங்களுக்கு ஜெபம் பண்ணத் தெரியுமா?"

தெரியுமா! முப்பது வருடம் சபையில் முன்னால் நின்று பண்ணியவன். நாலு மாதமாக ஒரு வார்த்தை வரவில்லை. அப்போதும் வரவில்லை. சின்ன வயதிலிருந்து எல்லோரும் சொல்லும் கர்த்தருடைய ஜெபத்தைத் தொடங்கினேன். அவரும் சேர்ந்துகொண்டார். மற்றவர்களை மன்னிப்பது பற்றிய வரி வந்தது. சின்னவன் முகம் முன்னால் வந்து நின்றது. மேலே போக முடியவில்லை. இருட்டுக்குள் இருந்து அந்த அம்மாதான் மீதியைச் சொல்லி முடித்தார்.

நாற்பது நிமிடத்தில் கதவு திறந்தது. "ரொம்ப நன்றி சார்" என்றார். நானல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

மார்ச் 28, வெள்ளி

சின்னவனைக் கூப்பிட்டேன்.

"உன்கிட்ட எதுவும் கேக்கறதுக்காகக் கூப்பிடலடா. அன்னைக்குக் கமிட்டியில நான் பேசினது தப்பு. மன்னிச்சிரு."

 ஃபோனை வைத்துவிடுவான் என்றே நினைத்தேன்.

"அண்ணி எப்பவோ சொல்லிட்டாங்க, உனக்கு உடம்பு சரியில்லன்னு. நீயா கூப்பிடுவேன்னு உக்காந்திருக்கேன்" என்றான். பிறகு, "எந்த ஆஸ்பத்திரிக்கு வரணும்?"

"வேணாம்டா, நான் அதுக்காக..."

"தெரியும். அதனாலதான் வர்றேன்."

ஏப்ரல் 14, திங்கள்

பரிசோதனைக்குச் சின்னவன் வந்தான். தலை நரைத்துவிட்டது. எனக்குத் தெரியாமலே நரைத்திருக்கிறது.

மே 5, திங்கள்

முடிவு வந்தது. ஸ்கேன் படத்தை விளக்கில் மாட்டிவிட்டு டாக்டர் கொஞ்சம் தயங்கினார். சின்னவனுக்குப் பிறவியிலிருந்தே ஒரு கிட்னிதானாம். நாற்பத்து மூன்று வயதுவரை அவனுக்கே தெரியாது. கொடுக்க வந்தவனிடம் இருப்பதே ஒன்று!

வராந்தாவில் உட்கார்ந்து அழுதான். "உனக்குன்னு ஒண்ணு வச்சிருக்கேன்னு நெனச்சேண்ணே." அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். சின்ன வயதில் அவனுக்குக் காய்ச்சல் வந்தால் அப்படித்தான் செய்வேன்.

காத்திருப்போர் பட்டியலில் என் பெயர் ஏறியிருக்கிறது. வருடக்கணக்காகலாம் என்றார்கள். நொறுங்கிப் போயிருக்க வேண்டும். ஏன் போகவில்லை? ஆண்டவரே, நான் கேட்டதை நீர் தரவில்லை. கேட்கத் துணியாததைத் தந்திருக்கிறீர். வீட்டுக்கு வந்து என் சொந்த வார்த்தையில் ஜெபம் பண்ணினேன். திக்கித் திக்கித்தான். மனைவி கண்ணைத் திறந்து பார்த்தாள். நானும் திறந்துதான் வைத்திருந்தேன்.

மே 13, செவ்வாய்

இதுவரை கூட வந்த மனைவிக்கு ஆபீஸில் இனி லீவு கிடையாது. டயாலிசிஸ் முடிந்தால் தலை சுற்றும். தனியாக வர முடியாது. வியாழனும் சனியும் சின்னவன் வருகிறான். செவ்வாய் அவனுக்கு ஷிஃப்ட். காலையில் வாசலில் கார் நின்றது. ஓட்டுகிற இடத்தில் அவன் மனைவி.

பாதி வழியில் சிக்னலில் நின்றபோது, ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "அத்தான், ஒண்ணு சொல்லிடறேன். நான் இன்னும் முழுசா மன்னிக்கல. அதுக்காக வண்டி ஓட்டாம இருக்க முடியாது" என்றாள்.

"சரிம்மா" என்றேன்.  இவ்வளவு நேர்மையான வார்த்தையை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

ஜூன் 1, ஞாயிறு

சபைக் குழுவில் எழுந்து நின்று, அன்று நான் சொன்னது தவறு என்றேன். பாதிப் பேருக்கு எதைப் பற்றிப் பேசுகிறேன் என்றே தெரியவில்லை. ஒருவர் என் உடம்பை விசாரித்தார். பரவாயில்லை. எனக்கு ஞாபகம் இருக்கிறது. சின்னவன் மனைவிக்கும் இருக்கும்.

ஜூன் 24, செவ்வாய்

ஊசி குத்தி அரை மணி ஆகியிருக்கும். சின்னவன் மனைவி உள்ளே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "கார்ல ஒரே வெக்கை" என்றாள். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. 

அவளாகவே பேச ஆரம்பித்தாள். "பரிசோதனைக்கு வந்த அன்னைக்கு உங்க தம்பி என்ன பண்ணாருன்னு தெரியுமா அத்தான்? ரத்தம் எடுக்க ஊசியைக் காட்டினதும் மயங்கி விழுந்துட்டார். ரெண்டு பேர் தூக்கிட்டுப் போய்ப் படுக்க வச்சாங்க. யார்கிட்டயும் சொல்லாதேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கார். இவர்தான் கிட்னி குடுக்க வந்த வீரர்!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளுக்கும். கை அசைந்து இயந்திரம் கீ கீ என்று கத்த, ஊசிக்காரி ஓடி வந்து, "சிரிங்க, யாரு வேணாம்னா? கையை மட்டும் ஆட்டாதீங்க" என்று அதட்டிவிட்டுப் போனாள். எங்களால் நிறுத்த முடியவில்லை.

சாயங்காலம் மனைவி கேட்டாள், "இன்னைக்கு எப்படிப் போச்சு?"

"நல்லா போச்சு" என்றேன்.