ஒன்பதும் பதினான்கும்

பிரிக்ஃபீல்ட்ஸ்,
12 செப்டம்பர் 2025

கல்மனம் கொண்ட டீனா அக்காவுக்கு,

உன் ஒரே தங்கை பெர்னிஸ் எழுதுவது. நான் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய், ஜப்பானில் இறங்கியதும் என்னை வாட்ஸப்பில் பிளாக் பண்ணிவிட்டாயே! உன் போனிலிருந்து உன் பேராசிரியருக்கு ஆடும் இறால் ஸ்டிக்கர் நாற்பது அனுப்பியது தப்புதான். ஆனால் அவர் திரும்ப ஒன்று அனுப்பினாரா இல்லையா, அதைச் சொல். "பேசணும்னா கையால எழுது, பதினாறு வயசுக்கு அதான் தண்டனை" என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினாயாம். இதோ, எழுதுகிறேன்.

கல்விக்குள் கல் இருப்பதை உன் அளவுக்கு யாரும் நேராக எடுத்துக்கொண்டதில்லை. பிலிப்பீன்ஸ் மலையிலிருந்து இருபது கல்லைச் சுமந்து வந்து, லீவு முழுவதையும் கிள்ளானில் ஹென்றி அங்கிளின் கல்லறைக்கல் பட்டறையில் கழித்தவள் நீ. அவர் உருளை உருளையாகக் குடைந்து கொடுத்தார், நான் வெள்ளைப் பெயிண்டில் நம்பர் எழுதினேன். அந்த உருளைகள் என்ன சொல்கின்றன? விசேஷம் ஏதும் உண்டா? சும்மா கேட்டேன்.

சாப்பிட்டாயா என்று அம்மா கேட்கச் சொன்னார்.

வேறு தங்கை கிடைக்காது என்பதை நினைவூட்டும்,
பெர்னிஸ்

---

செண்டாய்,
24 செப்டம்பர்

அன்புள்ள வாலு,

ஒரு இறால் திரும்பி வந்தது உண்மை. இனி அதைப் பற்றிப் பேச்சு கூடாது.

விசேஷம் உண்டு! எரிமலைத் தொடருக்கு அடியில் இருபது, முப்பது கிலோமீட்டர் இறங்கி யாரும் பார்க்க முடியாது. அதிர்வை உள்ளே அனுப்பி, அது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளக்கத்தான் முடியும். அந்த வேகம் எந்தக் கல்லுக்குரியது என்று சொல்வது எங்கள் வேலை. உருளையை அந்த ஆழத்து அழுத்தத்தில் வைத்து நெருக்கி, ஒரு முனையில் தட்டி மறுமுனையில் ஒலியைப் பிடிக்கிறோம். அடித்தட்டின் கனமான கல்லில் நொடிக்கு ஏழு கிலோமீட்டர் ஓட வேண்டும். மேல்தட்டின் லேசான கல்லில் ஆறே கால்.

பழைய எரிமலையின் அடித்தட்டே மேலெழும்பி வெளியே தெரிவதுதான் என் மலை, அதனால்தான் கல்லை நேரில் எடுக்க முடிந்தது. அங்கே தலைகீழ்! அடித்தட்டில் எடுத்த பதினான்காம் கல் ஆறே கால்தான். மேலே எடுத்த ஒன்பதாம் கல் ஏழு. லேசான கல் கீழே போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால், கண்டங்கள் எப்படி உண்டாயின என்ற கதையையே திருத்த வேண்டும். இரண்டே கல்தான், ஆனாலும் பேராசிரியர் எழுந்தே நின்றுவிட்டார். நவம்பர் 20 மாநாட்டில் பேசுகிறேன். அதை வைத்து எனக்கு இங்கே மூன்று வருட வேலை கேட்கப்போகிறார்.

சாப்பிட்டேன் என்று சொல்.

டீனா

---

பிரிக்ஃபீல்ட்ஸ்,
3 அக்டோபர்

அக்கா,

பட்டப்பெயர் வைக்காமல் தொடங்குகிறேன், அதிலேயே விஷயம் பெரிது என்று தெரிந்துகொள்.

ஒன்பதையும் பதினான்கையும் விளையாட்டுக்காக மாற்றி எழுதியது நான்தான். இரண்டும் ஒரே மாதிரிச் சாம்பல் புள்ளிக் கல். நீ ஹென்றி அங்கிளோடு டீக்கடைக்குத் தே தாரேக் குடிக்கப் போயிருந்தாய். திரும்பி வந்ததும் கண்டுபிடித்து என் காதைத் திருகுவாய் என்று காத்திருந்தேன். நீ கண்டுபிடிக்கவில்லை. ஏர்போர்ட்டில் சொல்லலாம் என்றால் நீ அழுதுகொண்டிருந்தாய். அப்புறம் பிளாக்.

கண்டங்கள் எப்படி உண்டாயின என்று எனக்குத் தெரியாது. உன் கண்டுபிடிப்பு எப்படி உண்டானது என்று தெரியும். அதை மாநாட்டில் சொல்லாதே, அக்கா.

பெர்னிஸ்

---

செண்டாய்,
13 அக்டோபர்

பெர்னிஸ்,

பிரமாதம். நீ இதுவரை செய்ததில் இதுதான் உயர்தரம். போன வருடம் என் பரீட்சை தள்ளிப்போனதாக முத்திரையோடு கடிதம் அடித்துக் கொடுத்தவள் நீ. நான் நம்பிப் படுத்துத் தூங்கினேன், நினைவிருக்கிறதா?

அம்மா போன் பண்ணி, "அவ நெஜமாவே அழறாடி" என்கிறார். அம்மாவையும் நாடகத்தில் சேர்த்துக்கொண்டாயா?

வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஒன்று கிடைத்திருக்கிறது. நவம்பர் 20 வரை எழுதாதே.

டீனா

---

பிரிக்ஃபீல்ட்ஸ்,
21 அக்டோபர்

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன், பெட்டியோடு.

என்னை நம்ப வேண்டாம். நானே என்னை நம்பியிருக்க மாட்டேன். பள்ளி விட்டதும் நேராகக் கிள்ளானுக்குப் போனேன். குடைந்து மிஞ்சிய கல்லை ஹென்றி அங்கிள் எறிவதில்லை, பெயிண்ட் வாளிகளில் போட்டு வைப்பார். கதையைக் கேட்டுவிட்டு, "ஏம்மா, ஒன் பேரை இப்பவே ஒரு கல்லுல வெட்டி வச்சிரவா?" என்றார்.

"சின்னக் கல்லு போதும் அங்கிள், நான் குள்ளம்."

"வாயி மட்டும் கொறையல லா. போ, அந்த நாலாவது வாளியில தேடு."

கல்தூசியில் யூனிஃபார்ம் வெள்ளையாகும்வரை தேடினேன். இரண்டும் கிடைத்தன, பெட்டியில் இருக்கின்றன. மலையிலேயே நீ மார்க்கரால் எழுதிய நம்பர் அவற்றின் மேல் இருக்கிறது. என் பெயிண்ட் அவற்றைத் தொடவே இல்லை. ஒவ்வொன்றிலும் புதிதாக ஓர் உருளை குடை. நெருக்கு. தட்டு. ஒன்பது ஆறே கால் காட்டும், பதினான்கு ஏழு காட்டும். பந்தயம் கட்டவில்லை, ஏனென்றால் இதில் ஜெயிக்க எனக்கு ஆசையில்லை.

என் வாயை விடு. கல்லைக் கேள். மாநாட்டுக்கு இன்னும் முப்பது நாள் இருக்கிறது.

பெர்னிஸ்

---

செண்டாய்,
5 நவம்பர்

பெர்னிஸ்,

ஒன்பது: 6.27. பதினான்கு: 7.04.

பெட்டியைத் திறந்ததும் என் கையெழுத்தைப் பார்த்தேன். அப்போதும் நம்பவில்லை. குடைந்து, காயவைத்து, நெருக்கி, தட்டி முடித்த பிறகுதான் பேராசிரியர் அறைக்குப் போனேன். அவர் திட்டவில்லை. "எடை பார்க்கவில்லையா?" என்று மட்டும் கேட்டார்.

பார்த்தேன், பெர்னிஸ். பதினான்காம் உருளை, மலையில் நான் அளந்து குறித்த அடர்த்திக்கு ஒத்துவராமல் லேசாக இருந்தது, செப்டம்பரிலேயே. தராசு சரியில்லை என்று நோட்டில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். தலைகீழ் மலை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

நீ மாற்றி எழுத ஒரு தே தாரேக் நேரம் ஆகியிருக்கும். நான் இரண்டு மாதம் ஏமாந்ததில் பாதிதான் உன்னுடையது. அந்தப் பாதிக்குக் கோபம் இருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்.

மாநாட்டில் பேசுகிறேன். லேசானது மேலே, கனமானது கீழே, இருபது கல்லும் ஒத்துப்போகின்றன என்று. பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். மூன்று வருட வேலை ஒரு வருடமாகச் சுருங்கிவிட்டது. ஆனால் நான் சொல்லப்போகும் மலையை இனி யாராலும் திருப்பிப் போட முடியாது.

முதலில் கல்லை நம்பினேன். பிறகு உன் அக்டோபர் மூன்றாம் தேதிக் கடிதத்தை எடுத்து இன்னொரு முறை படித்தேன், உன்னை நம்பினேன். அந்த வரிசையில்தான். கோபித்துக்கொள்ளாதே.

அக்கா