எட்டு புள்ளி மூன்று

18-1-1984, புதன். திருப்பதி

ஹாஸ்டலில் மூன்றாவது நாளாக அதே உப்புமா. போகட்டும். இன்று நிறுவன ஆய்வுக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். எம்.ஏ. பொருளாதாரம் இரண்டாம் வருடம் மொத்தமும் வங்கி விழாதா என்று வேண்டிக்கொண்டிருந்தது. எனக்கு விழுந்தது பால்! கூட்டுறவுப் பால் சங்கத்துக்கு ஒரு கேள்வியாம்: பாலில் கொழுப்புப் பார்க்கும் மின்சார மிஷினைக் கிராமங்களில் வைக்கலாமா, வேண்டாமா? நாங்கள் ஆராய்ந்து சொல்லணும்.

கூட்டாளி முனிகிருஷ்ணன். பிச்சாட்டூர்க்காரர், வீட்டில் நாலு எருமை. "சர்ச் மிஷன் காம்பவுண்டுல வளந்தவங்களாச்சே, பாலு எங்கேர்ந்து வருதுன்னு தெரியுமாங்க?" என்றார். சொம்பிலிருந்து என்றேன்.

சங்கம் அறிக்கையை ஏற்றுக்கொண்டு கடிதம் தராவிட்டால் இந்தத் தாளில் ஃபெயில். இதைச் சொல்லும்போது புரொபசர் ஏன் சிரிக்கணும்?

2-2-84

சங்க மேனேஜர் நாகபூஷணத்தைப் பார்த்தோம். பாதி தெலுங்கு, பாதி தமிழ், முழுக் கண்டிப்பு. இப்போது ஒவ்வொருவர் பாலிலும் கொஞ்சம் குப்பியில் எடுத்துப் புத்தூர் கொண்டுபோய், ஆசிட் ஊற்றிச் சுழற்றிக் கொழுப்புப் பார்க்கிறார்கள். கொழுப்பைப் பொறுத்துத்தான் காசு. ஊற்றினவருக்கு முடிவு தெரிய ஒரு வாரம். மிஷின் என்றால் அரை நிமிடம். "ஊர்ல கரென்ட் போத்தே ஏமி சேஸ்தாரு? கரென்ட் போனா என்ன பண்ணுவீங்க? மிஷின் இங்கயே, நா கண்ணு முன்னாலயே இருக்கட்டும்" என்றார். பிறகு எங்களை எதற்குக் கூப்பிட்டாராம்?

9-2-84, வியாழன்

விஜயபுரத்துக்கு அடுத்த ஒரு சின்ன ஊர். யுனிவர்சிடியிலிருந்து வருகிறோம் என்று நான்தான் முந்தின நாளே சொல்லி அனுப்பியிருந்தேன். ஒழுங்கு என்றால் ஒழுங்கு! மிஷினை ஜீப்பில் கொண்டுபோய் வைத்தோம். பால் ஊற்ற வந்தது எல்லாம் பெண்கள், தலையில் பூவோடு.

எட்டு புள்ளி மூன்று. எட்டு புள்ளி ஆறு. எட்டு புள்ளி ஒன்று! அதே எருமைகளுக்குச் சங்கப் பதிவேட்டில் ஆறரையைத் தாண்டி ஒன்றுகூட இல்லை. ஆசிட் சோதனை இத்தனை வருடமாகக் குறைத்தே காட்டியிருக்கிறது! முனிகிருஷ்ணன் மட்டும் பாலை விரலால் தொட்டுப் பார்த்து, "கெட்டியாத்தான் கீது" என்று எதையோ யோசித்தார். நான் யோசிக்கவிடவில்லை.

22-2-84

அறிக்கை போய்விட்டது. நாற்பத்திரண்டு பக்கம். "நெடுநாளைய அநீதி" என்று ஒரு தலைப்பே வைத்திருக்கிறேன். புரொபசர் அதைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். நைனாவுக்குக் கடிதம் போட்டேன், உங்கள் மகள் வெளுத்து வாங்கிவிட்டாள் என்று.

27-2-84, திங்கள்

ஐயோ. ஐயோ ஐயோ.

நல்ல சேதியை நேரில் சொல்லலாம் என்று அந்த ஊருக்குப் போனோம். சந்திரம்மா என்று ஒருவர் – அன்று எட்டு புள்ளி ஆறு அவருடையதுதான் – கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்.

"இன்னா பாப்பா, அம்மாந்தூரம் படிச்சவங்க வர்றீங்க, உங்க எதிர்ல போயி தண்ணிப் பாலையா ஊத்துவாங்க? மொதல்ல கறந்தத வூட்டுக்கு வச்சிக்கினு, கடேசிப் பால மட்டும் எடுத்தாந்தோம். ஊரே பேசி வச்சிக்கினுதான்."

கறக்கும்போது கடைசியில் வருவதில்தான் கொழுப்பு அதிகமாம். எருமை வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியுமாம். முனிகிருஷ்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "எங்கம்மாவும் இதத்தாங்க செஞ்சிருப்பாங்க!"

விருந்தாளிக்கு மரியாதை. அதை நான் நாற்பத்திரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன்!

திரும்பும்போது பஸ்ஸில் ஒரே யோசனை. சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? சங்கம் ஏற்றுக்கொள்ளும், கடிதம் வரும், நான் பாஸ். பஸ் புத்தூர் வரும்வரை இப்படியே நினைத்தேன், வெட்கமாக இருக்கிறது. ஆனால் புத்தூரில் ஆசிட் ஊற்றுகிறவர்களை அநியாயக்காரர்கள் என்றல்லவா எழுதி வைத்திருக்கிறேன்? சொல்லித்தான் ஆகணும்.

28-2-84

சொன்னேன். மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். "இத மிஷின் கூடக் கண்டுபிடிக்கலியே அம்மா!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, ஆறாம் தேதி போர்டு கூடுகிறது, அதற்குள் வேறு அறிக்கை இல்லாவிட்டால் கடிதம் இல்லை என்றார்.

3-3-84

மூன்று நாள், சொல்லாமல் கொள்ளாமல் அதே ஊரில் மிஷினோடு போய் நின்றோம். அதே பாலை அன்றன்றே புத்தூரில் பார்த்ததில், ஆசிட்டுக்கு ஆறு புள்ளி இரண்டு என்றால் மிஷினுக்கு ஆறு புள்ளி மூன்று. இரண்டும் ஒன்றே. என் அநீதி புஸ்ஸென்று போயிற்று.

ஆனால் ஒன்று பார்த்தேன். எண்ணைக் கண்ணால் பார்த்த பெண்கள் நகரவே இல்லை. உனக்கு எவ்வளவு, எனக்கு ஏன் குறைவு, நேற்று என்ன தீனி போட்டாய் – ஒரே இரைச்சல். பதிவேட்டை இவர்கள் ஒருநாளும் கேட்டதில்லையாம்.

6-3-84

போர்டு. ஒன்பது பேர், எல்லோரும் ஆண்கள். அறிக்கை இப்போது ஏழு பக்கம். முதல் வரியிலேயே, முந்தின அறிக்கை தப்பு, தப்பு எங்களுடையது என்று படித்தேன்.

"ரெண்டும் சரியா காட்டினா மிஷின் எந்துக்கு?" மேனேஜர்தான்.

"ஊத்தினவங்க கண்ணெதிர்ல காட்றதுக்கு சார். புத்தூர்ல வச்சா நீங்க பாப்பீங்க. ஊர்ல வச்சா அவங்க பாப்பாங்க."

யோசித்துச் சொல்கிறார்களாம். முனிகிருஷ்ணன் இரண்டு பன் வாங்கினார், இரண்டையும் நானே தின்றேன்.

19-4-84, வியாழன்

கடிதம் போன வாரம் வந்தது. ஏற்றுக்கொண்டார்கள்! ஒரு மிஷின், மூன்று மாதம், அந்த ஊரிலேயே.

இன்று காலை முதல் நாள். சந்திரம்மாவுக்கு ஐந்து புள்ளி நான்கு. கேனை அங்கேயே வைத்துவிட்டார். "பாலக் கலக்காமயே எடுத்தே. நல்லா கலக்கிட்டு இன்னொரு வாட்டி வையி." பால் அளக்கிறவர் முணுமுணுத்தார். மேனேஜர் எதிரில் நின்றதால் மறுபடி வைத்தார். ஆறு புள்ளி ஒன்று.

மேனேஜர் அதைப் பார்த்தார், சந்திரம்மாவைப் பார்த்தார், பேனாவை எடுத்துத் தாமே பதிவேட்டில் திருத்தினார். அவ்வளவுதான். பின்னால் நின்ற பதினோரு பேரும் தங்களுக்கும் இன்னொரு வாட்டி என்றார்கள். பால் வண்டி முக்கால் மணி நேரம் தாமதமாகப் போயிற்று.