இரண்டாவது அடுப்பு

கீழத்தெரு,
திருப்பனந்தாள் வழி,
23-1-83

அன்புள்ள மகன் இராஜாங்கத்துக்கு அப்பா அரசப்பன் எழுதிக்கொண்டது. இங்கே உன் அம்மா, தங்கச்சி பொன்னுத்தாய், வெள்ளாடு, அதன் குட்டி எல்லாரும் சுகமாக இருக்கிறார்கள். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மூன்று வேளையும் இறங்குகிறது, ஆனால் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. வெட்கமாக இருக்கிறது தம்பி. எட்டாவது வரைக்கும் படித்தவன், தெருவில் யாருக்குத் தபால் வந்தாலும் படித்துச் சொல்கிறவன், இன்றைக்கு என் மகனுக்கு ஒரு கடுதாசி எழுத மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். உன் அம்மா பார்த்துவிட்டு, தாளைக் கிழிக்கிறதுக்குக் கொஞ்சம் முந்தி நாக்கைக் கிழிச்சிக்கிட்டிருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் என்னோடு பேச ஆரம்பித்ததே நேற்றிலிருந்துதான், அதனால் திட்டானாலும் பரவாயில்லை என்று வாங்கிக்கொண்டேன்.

சம்பா அறுப்பு முடிந்தது. ஆற்றில் தண்ணீர் வருவதும் நிற்பதுமாக இருந்ததில் கடைமடைக்காரர்களுக்கு இந்த வருஷம் பதர்தான் மிச்சம், நமக்கு ஏதோ சாப்பாட்டுக்குத் தேறும். அறுப்புக் கூலிக்கு இந்தத் தடவையும் சண்டை, களத்தில் நெல்லைக் குவித்து வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் நாலு பேர் இந்தப் பக்கம் நாற்பது பேர் நின்று கத்தினோம், தாசில்தார் ஜீப்பில் வந்து பேசி முடித்தார். முன்னால் நின்று அதிகம் கத்தியது நான்தான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். சொல்லட்டும். கூட்டத்தில் நிற்கும்போது எனக்குத் தொண்டை நன்றாக இருக்கிறது, தனியாக ஒருத்தர் வந்து எதிரே உட்கார்ந்தால்தான் கெட்டுப்போகிறது. பொன்னுத்தாய் பத்தாவது பரீட்சைக்குப் படிக்கிறாள், கணக்கு மட்டும்தான் பயம் என்கிறாள். அம்மாவுக்குப் பள்ளிக்கூடத்துச் சத்துணவில் உதவியாள் வேலை கிடைக்கும்போல இருக்கிறது. அங்க ஆக்கிப் போட்டா சம்பளம் குடுக்குறாங்க என்று என்னைப் பார்த்துச் சொல்லிக்காட்டினாள். எதற்குச் சொல்லிக்காட்டினாள் என்பதைத்தான் எழுத வந்தேன்.

போன வாரம் உன் அறையில் இருக்கிற முகம்மது யூசுப், அபுதாபியிலிருந்து லீவில் வந்தவர், ஆடுதுறையிலிருந்து சைக்கிளிலேயே நம் வீடு தேடி வந்தார். நீ கொடுத்துவிட்ட கோடாலித் தைலம், பால்மாவு டின், தங்கச்சிக்குத் துணி எல்லாம் வந்து சேர்ந்தது. நல்ல பிள்ளை, என்னை அப்பா அப்பா என்றுதான் கூப்பிட்டார். அம்மா டீ போட்டுக் கொடுத்தாள். எம் புள்ள வேளைக்குச் சாப்புடுறானா என்று கேட்டாள். அதற்கு அவர் சிரித்துக்கொண்டே, அவனுக்கென்னம்மா, ரூமுக்கே ஒரு அடுப்பு, அவனுக்கு மட்டும் தனியா ரெண்டாவது அடுப்பு என்று சொன்னார். நான் பெருமையாக மீசையைத் தடவிக்கொண்டேன். அம்மாவுக்குத்தான் சுருக்கென்றிருக்கிறது, ஒரு வயித்துக்கு எதுக்குத் தம்பி தனி அடுப்பு என்று கேட்டாள். அப்புறம்தான் ஒவ்வொன்றாக வந்தது. பெரிய பண்ணை மகன் குஞ்சிதபாதத்துக்கு மீன்சட்டி ஏறிய அடுப்பில் ஆக்கினால் ஆகாது என்று நீ உன் காசில் மண்ணெண்ணெய் ஸ்டவ் வாங்கினாயாம். வெயிலில் கரண்டுக் கம்பத்தில் தொங்கி வேலை பார்த்துவிட்டு வந்து, மற்றவர்கள் காற்றாடிக்குக் கீழே படுத்திருக்கும்போது நீ நடைவழியில் உட்கார்ந்து அவனுக்கு சாம்பார், ரசம், ஒரு பொரியல் வைத்து, கேரியரில் அடுக்கி, நாலு தெரு தள்ளி அவன் மாடிக்குக் கொண்டுபோய் வைக்கிறாயாம். காலையில் அந்தக் கேரியர் கழுவாமல் வாசலில் கிடக்குமாம். வெள்ளிக்கிழமை உனக்கு லீவு என்றால் அன்றைக்கு அவன் துணிமூட்டை, அவன் முடிவெட்ட, அவன் செருப்புத் தைக்க, தபாலாபீஸ் என்று போய்விடுமாம். அறையில் ஒருத்தர் விளையாட்டாக, என்ன இராஜாங்கம், உங்க பண்ணை சாப்ட்டாச்சா என்று கேட்டதற்கு எல்லாரும் சிரித்தார்களாம், நீ சிரிக்கவில்லையாம், அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துவிட்டாயாம். இதைச் சொன்னதும் யூசுப்புக்கே சிரிப்பு நின்றுவிட்டது. அம்மா எழுந்து கொல்லைப்பக்கம் போனவள் அவர் கிளம்பும்வரை உள்ளே வரவில்லை. நீயும் வந்த கடுதாசியில் எல்லாம் இங்கு யாவும் நலம் என்றே எழுதியிருந்தாய். நானும் படித்துக்கொண்டே வந்தேன்.

அவர் போனதும் அம்மா கேட்டாள், நான் என்னத்துக்கு முட்டிக்கால் சேத்துல நின்னு இவன ஐடிஐ படிக்க வச்சேன், நம்ம பாட்டன் பூட்டன் அந்த வூட்டுக்குச் செஞ்ச வேலையக் கப்பல்ல ஏத்தி அனுப்பவா என்று. கப்பல் இல்லை ஏரோப்ளேன் என்று சொன்னேன். அந்த நேரத்தில் அது சொல்லியிருக்கக் கூடாது. உடனே அவள், எழுந்திரு, போ, அந்த வூட்டுல போயி எம் மவன் ஆக்கிப் போட மாட்டான்னு சொல்லிட்டு வா, கேட்டது அவுங்கதானே, உனக்கென்ன பயம், நீ போவலன்னா நான் போறேன் என்று கொண்டையை முடிந்துகொண்டு கிளம்பிவிட்டாள். அங்கேதான் தம்பி நான் மாட்டிக்கொண்டேன். ஏனென்றால் அவர்கள் கேட்கவில்லை.

குஞ்சிதபாதம் அங்கே கிளம்பியபோது உனக்கு என்ன எழுதினேன் என்று எனக்கு ஒரு எழுத்து மறக்கவில்லை. பண்ணைப் பெரியவர் நம் வீடு தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார், மறுக்க முடியவில்லை, வாக்குக் கொடுத்துவிட்டேன், அப்பன் வாக்கைக் காப்பாற்று என்று எழுதினேன். அம்மாவிடமும் அதையேதான் சொன்னேன், அன்றைக்கு அவள் நடவுக்குப் போயிருந்தாள். அது பொய். நடந்தது இதுதான். நில உச்சவரம்புச் சட்டத்தில் அவர்கள் நிலம் போனபிறகு பிள்ளையை வெளிநாட்டு ஆபீஸ் வேலைக்கு அனுப்புகிறார்கள் என்று ஊரில் பேச்சு. பெரியவர் ஒருநாள் மத்தியானம் குடையைப் பிடித்துக்கொண்டு நம் தெருவுக்குள் வந்தார். அந்த வீட்டு ஆள் நம் தெருவுக்குள் வந்து நான் பார்த்தது அதுதான் முதல். நான் ஓடிப்போய் ரேடியோக்காரர் வீட்டு நாற்காலியை வாங்கி வந்து போட்டேன், உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார், நம் சொம்பில் கொடுத்தேன், வாய் வைத்துக் குடித்தார். தெருவே பார்த்துக்கொண்டு நின்றது. அவர் கேட்டது இவ்வளவுதான். உம் பையன் அங்கதானே இருக்கான் அரசப்பா, சைவச் சாப்பாடு கெடைக்கிற கடை இருக்கா, துணி வெளுக்க ஆள் இருக்கா, கேட்டு எழுதச் சொல்லேன் என்றார். கடை இருக்கிறதா என்று கேட்டவருக்குக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தால் முடிந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா. கடை என்னத்துக்கு ஆண்டே, எம் புள்ள கைல வேலையில்லாமயா இருக்கான், ஆக்கிப் போட மாட்டானா, தொவச்சுக் குடுக்க மாட்டானா என்று சொன்னேன். பண்ணைக்காரர்களை ஆண்டே என்று கூப்பிடுவதில்லை என்று எத்தனை வருஷத்துக்கு முன் விட்டது. கூலிச் சண்டையில் லாக்கப்பில் அடி வாங்கினபோதுகூட அந்த வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. யாரும் அடிக்காதபோது, நம் சொந்த மனைப்பட்டாவில் நின்றுகொண்டு, ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தார் என்பதற்காக, தானாக வந்தது. அவர்கூட ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். அப்புறம், சரி, உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போனார். நீ பதிலுக்கு, நீங்கள் சொன்னபடி செய்கிறேன் அப்பா என்று ஒரு வரி எழுதினாயே, அந்த வரியை டீக்கடை வரைக்கும் கொண்டுபோய்க் காட்டினேன். இப்படியும் ஒருத்தன்.

இதை அம்மாவிடம் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. கேட்டுவிட்டு அவள் கத்தவில்லை. கேக்காமலேவா குடுத்தே என்று மட்டும் கேட்டாள். முடிந்த கொண்டையை அவிழ்த்துவிட்டு, நான் வரல, நான் வந்தா பேசறது நானா இருக்கும், கெடுத்தது உன் வாயி, அதுவே போவட்டும் என்றாள். அப்புறம் ஒரு வாரம் பேச்சில்லை. நானும் இன்றைக்குப் போகிறேன் நாளைக்குப் போகிறேன் என்று களத்து வேலையைச் சாக்கு வைத்துக்கொண்டிருந்துவிட்டு நேற்றுக் காலையில்தான் போனேன். தோய்த்த வேட்டி கட்டிக்கொண்டு, வழியெல்லாம் ஐயா, ஐயா என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன், எதிரே வந்த வாத்தியார் என்ன அரசப்பன் மந்திரமா என்று கேட்டார்.

பெரியவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உள்ளே வா என்றார். தூண் பக்கத்தில் நின்றேன். என்ன அரசப்பா, குஞ்சிதம் எழுதியிருந்தான், சாப்பாடு நம்ம வீட்டுது மாதிரியே இருக்காம் என்றார். அது விஷயமாத்தான் வந்தேங்கய்யா, இனிமே அது வேணாம், நிறுத்திக்கலாம் என்றேன். அவர் தப்பாக நினைத்துக்கொண்டு, பையனுக்கு மாசம் ஏதாவது குடுக்கணும்னா கூச்சப்படாமச் சொல்லு, பண்ணிடலாம் என்றார். கூலி பத்திப் பேச வரலீங்கய்யா, அந்தப் பேச்ச எடுத்தா நீங்களும் நானும் பொங்கல்லேர்ந்து பொங்கல் வரைக்கும் பேசலாம் என்றேன். அவருக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. நான் கேக்கலியேப்பா, நீயாத்தானே சொன்னே என்றார். ஆமாங்க, நானாத்தான் சொன்னேன், எம் மவனக் கேக்காமச் சொன்னேன், அப்புடிச் சொல்ல எனக்குப் பாத்தியதை கெடையாதுங்க என்றேன். 

அதற்குள் அந்த அம்மா மங்களாம்பிகை உள்ளேயிருந்து வந்துவிட்டார்கள். அப்ப எங் கொழந்தை என்ன சாப்புடுவான் என்று கேட்டார்கள். யூசுப் சொன்னதை வைத்துக்கொண்டு சொன்னேன். பஸ்நிலையத்துக்குப் பின்னால் மலையாளத்தார் கடையில் சைவத்துக்குத் தனி அடுப்பு, குஜராத்திக்காரர் மெஸ்ஸில் மாசக்கணக்கில் ரொட்டி, பருப்பு, சோறு, மெஸ்ஸுக்கு அடுத்த சந்திலேயே துணி வெளுக்கிற பாகிஸ்தான் பட்டாணிக்காரர், எதிர் வரிசையில் முடிவெட்டப் பேராவூரணிக்காரர் ஒருத்தர், அவரிடம் தமிழிலேயே பேசிக்கொள்ளலாம் என்று. கொள்ளிடம் தாண்டினால் திசை தெரியாதவன் அபுதாபிக்கு வழி சொல்லிக்கொண்டு நின்றேன், அவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாம் சொல்லி முடித்ததும் அந்த அம்மா, கடைச் சாப்பாடு அவன் வயித்துக்கு ஒத்துக்காதே அரசப்பா, சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தானே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர்கள் அழுதது பொய்யில்லை தம்பி. எனக்குத் தாங்கவில்லை. கவலப்படாதீங்கம்மா, சோறு வடிக்கிறது என்ன பெரிய வேலையா, எம் மவன் ஒரு தடவ பக்கத்துல நின்னு… என்று ஆரம்பித்துவிட்டேன். பாதியில் நிறுத்திவிட்டேன். மறுபடியும் உன்னைக் கேட்காமல் உன்னைக் கொடுக்கப் பார்த்தேன்.  எம் மவன் என்று அந்த அம்மா திரும்பச் சொல்லி மிச்சத்துக்காகக் காத்திருந்தார்கள். ஒண்ணுமில்லீங்கம்மா என்று சொல்லிவிட்டுக் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். மரியாதையாக வந்தேன் என்று சொல்ல முடியாது, படியில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து நடந்ததை ஒன்று விடாமல் அம்மாவிடம் சொன்னேன். பாதியில் நிறுத்தினதையும் சொன்னேன். சோறு போட்டாள். நேற்றிலிருந்து பேசுகிறாள்.

இனிமேல் உள்ளது உன்னுடையது. இந்தக் கடுதாசி கிடைத்த அன்றைக்கே நீ நிறுத்திவிடலாம், என் வாக்கு என்று ஒன்றும் கிடையாது, திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் பிள்ளை குஞ்சிதபாதத்திடம் கடுமையாகப் பேசாதே, நீயாக ஒத்துக்கொண்டு செய்கிறாய் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருப்பான். ஆனால் நழுவாமல் சொல், எதிரே உட்கார்ந்து சொல். சிநேகிதமாக இருந்து என்றைக்காவது இரண்டு பேரும் சேர்ந்து ஆக்கிச் சாப்பிடுவதென்றால் அது உங்கள் இஷ்டம், கேரியரை யார் கழுவுவது என்று முதலில் பேசிக்கொள். மீனை விட்டுவிட்டாய் என்று யூசுப் சொன்னார், அம்மாவுக்கு அது ஒன்றுதான் ஆறவே இல்லை. வாங்கிக் குழம்பு வைத்து உன் அறைக்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிடு. வெயிலில் வேலை செய்கிறவன், சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள், அங்கே வியாழக்கிழமை ராத்திரிதான் வசதி என்றால் அன்றைக்குத் தேய்த்துக்கொள், சாமி கோபிக்காது. பணம் அனுப்ப அவசரப்படாதே. யூசுப் அடுத்த மாதம் திரும்பும்போது அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடுகிறாள், அது உனக்கு மட்டும்.

தங்கச்சி உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். நீ நல்ல ஆரோக்கியத்தோடு, யாருக்கும் கீழே நிற்காமல், யாரையும் கீழே நிறுத்தாமல் நீடூழி வாழவேண்டும் என்று நானும் அம்மாவும் வேண்டிக்கொள்கிறோம். ஒன்று மட்டும் மறக்காதே. பதில் எழுதும்போது யாவும் நலம் என்று எழுதி முடித்துவிடாதே. இத்தனை மாசமும் என்னைப் பற்றி மனசில் என்னவெல்லாம் நினைத்தாயோ அதை அப்படியே எழுது. பொன்னுத்தாயைச் சத்தமாகப் படிக்கச் சொல்கிறேன். அம்மா பக்கத்தில் இருப்பாள், நானும் எழுந்து போகாமல் உட்கார்ந்து கேட்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
கா. அரசப்பன்