மூடாக்கு என்றால் மேகம் மட்டுமா, மச்சான்?

அன்புள்ள மச்சான் என்றுதான் எழுதத் தொடங்கினேன். அக்காவுக்காக அந்த 'அன்புள்ள' அப்படியே இருக்கட்டும்.

உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு ஆண்டிபட்டி வந்தேன். அழுகை வரவில்லை. பந்தி முடிந்ததும் அக்கா ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். உள்ளே என் நோட்டுகள். சின்னமனூரில் நான் பாடம் நடத்தும் கல்லூரியின் மாடியில் நான்கு வருடம், தினமும் வகுப்புக்கு முன் ஏறி, தூசும் புகையும் வெயிலை எவ்வளவு மறைக்கின்றன என்று கைக்கருவியில் அளந்து எழுதியவை. இந்தப் பள்ளத்தாக்கின் நாளைய வெயிலையும் மழையையும் கணிக்கும் உங்கள் கணினி மாதிரிக்காக, நீங்கள் கேட்டு எழுதியவை.

"அவுக உன்னைய ஒரு நாளும் தப்பாப் பேசலடா தம்பி."

"பேசலையா? தேனி ஆய்வுக் கூட்டத்துல மைக்கைப் பிடிச்சு என்ன சொன்னாக? மழையே இல்லாத மாசியில எங்க மாப்ளைக்கு மட்டும் நெதம் மேகம் தெரிஞ்சிருக்கு, மாடி ஏறாமலே எழுதிட்டாருன்னு. சபையே சிரிச்சுச்சுல்ல?"

"வெளாட்டுக்குச் சொன்னதுடா." அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

விளையாட்டா, மச்சான்? அன்றோடு நம் பேச்சு நின்றது. அதற்குப்பின் எந்த ஆய்வுக்கும் என்னை யாரும் கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தேன். நான் 'மூடாக்கு' என்று குறித்த ஒவ்வொரு நாளின் மேலும் உங்கள் சிவப்புக் கோடு. பக்கத்தில், 'மேகம், நீக்கு'. மேகம் இருந்தால் அந்த அளவு செல்லாது என்பது எனக்கும் தெரியும். மேகம் வந்த நாட்களில் மேகம் என்றே எழுதி, அளக்காமல் இறங்கியிருக்கிறேன். அதைக்கூடவா பார்க்கவில்லை?

செங்கல் காளவாசல் புகை, வைக்கோல் எரித்த புகை, மலையில் பிடித்த தீயின் புகை எல்லாம் சேர்ந்து வெயில் மங்கினால் எங்கள் ஊரில் அதுவும் மூடாக்குதான். ஆண்டிபட்டியில் அந்தச் சொல்லுக்கு மழை வரப்போகிறது என்று மட்டுமே அர்த்தம். மழைக்காக அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவர் நீங்கள். இருந்தாலும் ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா?

நான் 'புகை' என்று எழுதியிருக்கலாம். அது என் தப்பு. என்னைப் பொய்யன் ஆக்கியது உங்கள் தப்பு. இரண்டும் ஒன்றாகாது.

புகை மிகுந்த நாட்களையெல்லாம் தூக்கிவிட்டு, இங்கே காற்று சுத்தம் என்று மாதிரிக்குச் சொல்லிவிட்டீர்கள். இன்று புகை மறைத்து வைத்திருக்கும் வெயில், நாளை புகை குறைந்தால் வயலில் இறங்காதா? கரித்துகள் காற்றிலேயே பிடித்து வைக்கும் சூடு எந்தக் கணக்கில் வரும்? அந்தக் கணிப்பை நம்பிப் பயிர் வைக்கிறவன் யாரைப் போய்க் கேட்பான்?

ஒரு செய்தி. உங்களிடம் படித்த மலையாளப் பெண் போன வாரம் பேசினாள். அதே மாதிரியை மறுபடி ஓட்டப்போகிறாளாம். உங்கள் தரவுப் பட்டியலைப் பார்த்துவிட்டு, எடுத்த எடுப்பில் கேட்டாள்: "இந்த மூடாக்குன்னா என்ன சார்?" நீங்கள் போன் போட்டுக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

நோட்டுகளை அவளுக்கு அனுப்புகிறேன். உங்கள் ஆய்வுக்குத் திருத்தம் வெளிவரும். அதிலிருந்து உங்கள் பெயரை எடுக்க விடமாட்டேன். அந்த நாட்களை நீக்கியது யார் என்று ஊர் தெரிந்துகொள்ளட்டும். வந்த அன்றே ஆண்டிபட்டிக்குப் பஸ் ஏறுவேன். உங்கள் போட்டோவுக்கு எதிரே உட்கார்ந்து, அக்கா காதுபட ஒரு வரி விடாமல் வாசிப்பேன். இது என் வாக்கு. அன்றைக்கு மைக் என் கையில், மச்சான்.

இப்படிக்கு,
தினமும் மாடி ஏறிய
உங்கள் மச்சினன்